சர்க்கரை ஏறும் முன்பே மாறுபவை

ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் தேடுவது ஒரே வரியைத்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு? அது நூறுக்குள் இருந்துவிட்டால் மனசு லேசாகிவிடும், அறிக்கையை மடித்து உள்ளே வைத்துவிடுவோம். அதே தாளில் நாலு வரி தள்ளி டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதலாக இருக்கும், நல்ல கொழுப்பு குறைவாக இருக்கும். 'அது கொலஸ்ட்ரால் சமாசாரம், இது சுகர் சமாசாரம்' என்று தனித்தனியாகப் பார்த்தே பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உடல் நீரிழிவை நோக்கி நகரும்போது ரத்தச் சர்க்கரை முதலில் ஏறுவதில்லை. இடுப்புச் சுற்றளவு, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், கல்லீரல் என்று மற்றவை மாறத் தொடங்கிப் பல வருடங்கள் ஆன பிறகுதான் பெரும்பாலும் அது ஏறுகிறது.

இங்கே சொல்வதெல்லாம் பெரியவர்களுக்குப் பரவலாக வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றி. உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே கணையத்தின் செல்களை அழிப்பதால் வரும் முதல் வகைக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது.

எல்லைக்கோடுகள்

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில், டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே குளுக்கோஸ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை முன்நீரிழிவு, பேச்சுவழக்கில் 'பார்டர்லைன் சுகர்'. 126 ஆகிவிட்டால் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை முன்நீரிழிவு, 200 தொட்டால் நீரிழிவு. மூன்று மாத சராசரி என்று சொல்லப்படும் எச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குள் இருப்பது இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5 முதல் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனை முடிவை வைத்து நீரிழிவு என்று முத்திரை குத்திவிடக் கூடாது, இன்னொரு பரிசோதனையில் உறுதியாக வேண்டும்.

இவை அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் அளவுகள். உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 110ஐத் தொட்ட பிறகுதான் இடைநிலை என்கிறது. அமெரிக்கச் சங்கமும் 2003 வரை அதே 110ஐத்தான் வைத்திருந்தது, அப்புறம் 100 ஆகக் குறைத்தது. ஆக, 99 வந்தவர் தப்பித்தவரும் அல்ல, 101 வந்தவர் நோயாளியும் அல்ல. ஆபத்து அந்தக் கோட்டுக்கு முன்பே தொடங்கி, எண் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகிறது.

எச்பிஏ1சி பற்றி ஒரு எச்சரிக்கை. அது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸை அளக்கும் பரிசோதனை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைவாகக் காட்டும். ரத்தசோகை உள்ளவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது.

சர்க்கரை ஏன் கடைசியில் ஏறுகிறது?

ஒரு பெரியவரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அவ்வளவு ரத்தத்திலும் சேர்த்து இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஒரு வேளைச் சாப்பாட்டிலிருந்து அதைப் போலப் பல மடங்கு குளுக்கோஸ் குடல் வழியாக உள்ளே வருகிறது. அப்படியிருந்தும் ஆரோக்கியமான உடலில் ரத்தச் சர்க்கரை கொஞ்சம்தான் ஏறும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இதைச் சாதிப்பது கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின்.

இன்சுலினுக்கு முக்கியமாக மூன்று இடங்களில் வேலை. தசைகளைக் குளுக்கோஸை எடுத்துக்கொள்ள வைக்கிறது. கல்லீரல் தானாகத் தயாரித்து ரத்தத்தில் விடும் குளுக்கோஸை அடக்குகிறது. கொழுப்புத் திசுவைச் சேமித்த கொழுப்பை அவிழ்த்துவிடாமல் தடுக்கிறது. இந்த மூன்று இடங்களும் இன்சுலினின் பேச்சை முன்போலக் கேட்காமல் போவதைத்தான் இன்சுலின் எதிர்ப்புநிலை என்கிறோம். அப்போது கணையம் சும்மா இருப்பதில்லை. ஒரு பங்கு போதுமாக இருந்த இடத்தில் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று இன்சுலினைச் சுரந்து வேலையை முடித்துவிடுகிறது. ரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருக்கும், அறிக்கையும் 'நார்மல்' என்றே வரும். வழக்கமான பரிசோதனைகளில் இன்சுலின் அளவைப் பார்ப்பதில்லை என்பதால், கணையம் எவ்வளவு உழைத்து அந்த நார்மலைத் தருகிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிற்பாடு நீரிழிவு வந்தவர்களின் பழைய அளவீடுகளைப் பின்னோக்கி வரிசைப்படுத்தி 2009ல் வெளியிட்டார்கள். நோய் கண்டறியப்படுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இன்சுலினுக்கு உடல் காட்டும் ஒத்துழைப்பு வேகமாகச் சரிந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ வெகுகாலம் மெல்ல மெல்ல நகர்ந்துவிட்டு, கடைசி மூன்று ஆண்டுகளில்தான் செங்குத்தாக ஏறியிருந்தது. கணையம் ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்த காலம் அது. அதே நாட்டின் இன்னொரு பெரிய நீரிழிவு ஆய்வில், நோய் கண்டுபிடிக்கப்பட்ட நேரத்திலேயே பீட்டா செல்களின் செயல்திறன் ஏறத்தாழ பாதி போயிருந்தது. சர்க்கரை ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சேர்ந்தே வரும் ஐந்து

உயர் ரத்த அழுத்தம், கூடுதல் டிரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு, குளுக்கோஸ் கோளாறு ஆகியவை ஒரே ஆளிடம் கூட்டமாக வருவது தற்செயல் அல்ல, இன்சுலின் எதிர்ப்புநிலைதான் இவற்றை இணைக்கிறது என்று அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988ல் எடுத்துச் சொன்னார். அவர் அதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்று மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். 2009ல் பல சர்வதேச அமைப்புகள் கூடி ஒத்துக்கொண்ட வரையறைப்படி, கீழே உள்ள ஐந்தில் மூன்று இருந்தால் அது இருக்கிறது என்று பொருள்.

இடுப்புச் சுற்றளவு கூடுதல்: தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தொடக்கம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களுக்கு இந்த எல்லை கொஞ்சம் தாராளம். டிரைகிளிசரைடு 150 அல்லது மேல். நல்ல கொழுப்பான எச்டிஎல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே. ரத்த அழுத்தம் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85, அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். மாத்திரை சாப்பிட்டு இவற்றில் ஒன்று கட்டுக்குள் இருந்தாலும் அது கணக்கில் சேரும். இந்தத் தொகுப்பு உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்று அதே அறிக்கை சொல்கிறது.

ஒரு கற்பனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வயது 42, தெற்காசிய ஆண். வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, மொத்தக் கொலஸ்ட்ரால் 188, டிரைகிளிசரைடு 204, எச்டிஎல் 35. ரத்த அழுத்தம் 134/86, இடுப்பு 97 சென்டிமீட்டர். இவரிடம் கேட்டால் 'சுகர் இல்லை, கொலஸ்ட்ராலும் இருநூறுக்குள், பிரஷர் மட்டும் லேசாக' என்பார். ஆனால் ஐந்தில் நான்கு இவரிடம் இருக்கிறது. சர்க்கரை ஒன்றுதான் பாக்கி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பதற வைக்காது. சேர்த்துப் படித்தால், இவருடைய கணையம் இப்போதே கூடுதல் வேலை பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பது புரியும்.

இவை ஏன் ஒன்றாக வருகின்றன? உடலில் மிஞ்சும் சக்தியைத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசு வாங்கி வைத்துக்கொள்ளும்வரை பெரிய தொல்லை இல்லை. அது எவ்வளவு கொள்ளும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்தக் கொள்ளளவு தாண்டினால் கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றிப் படிகிறது. கல்லீரலுக்குள்ளும், தசைக்குள்ளும், கணையத்திலும்கூடப் படிகிறது. கல்லீரலில் கொழுப்பு படிந்ததும் ஒரு விசித்திரம் நடக்கிறது. குளுக்கோஸ் தயாரிப்பை நிறுத்து என்ற இன்சுலினின் உத்தரவு அங்கே எடுபடாமல் போகிறது. கொழுப்பைத் தயாரி என்ற உத்தரவு மட்டும் எடுபடுகிறது. உடலில் இன்சுலின் வேறு ஏராளமாகச் சுரந்துகொண்டிருக்கிறதா, கல்லீரல் கொழுப்பை உற்பத்தி செய்து டிரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டிரைகிளிசரைடு நிறைந்த துகள்கள் ரத்தத்தில் கூடினால் அவை எச்டிஎல் துகள்களோடு சரக்கு மாற்றிக்கொள்கின்றன, அப்படி மாறிய எச்டிஎல் சீக்கிரம் கழிந்துபோகிறது. ஆகவே டிரைகிளிசரைடு ஏறும் இடத்தில் எச்டிஎல் இறங்குகிறது. கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பை அதிகம் பிடித்து வைக்கச் செய்கிறது, உடலைப் பரபரப்பு நிலைக்குக் கொண்டுபோகும் பரிவு நரம்புகளையும் தூண்டுகிறது. ரத்த அழுத்தம் உயர்வதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று' என்று இருந்தால் பலரும் பொருட்படுத்துவதில்லை, எல்லாருக்கும் இருப்பதுதானே என்கிறார்கள். பரவலாக இருப்பதால் அது அற்பமாகிவிடாது. மதுவால் அல்லாமல் வரும் கல்லீரல் கொழுப்பு, நீரிழிவு பின்னால் வரக்கூடும் என்பதற்குக் கிடைக்கும் முன்னறிவிப்புகளில் முக்கியமான ஒன்று.

ஒல்லியாக இருந்தால் கவலை இல்லையா?

இருக்கிறது. இந்திய மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கின் இருவரும் 2004ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. அந்த அளவுகோலின்படி இருவருமே இயல்பான எடைக்காரர்கள். உடல் கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை இயந்திரமும் உயரக் கணக்கும் கண்டுகொள்ளாததை அந்த ஒரு பக்கம் பளிச்சென்று காட்டிவிட்டது. தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலும் இளைய வயதிலும் நீரிழிவு வருவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆசிய மக்களுக்குப் பிஎம்ஐ 23லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னதும் அதே ஆண்டுதான்.

எனவே எடையைவிட இடுப்பை அளப்பது பயனுள்ளது. பேண்ட் அளவு வேறு, இடுப்புச் சுற்றளவு வேறு; பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கும். சட்டையை விலக்கி, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பை வைத்து, தரைக்கு இணையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடித்ததும் பாருங்கள். டேப் தோலை ஒட்டியிருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. சென்டிமீட்டர் எல்லைகள் நினைவில் நிற்காவிட்டால் இதைப் பிடித்துக்கொள்ளலாம்: இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்கள்

பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ நீரிழிவு இருந்தால் வாய்ப்பு கூடும், வயது ஏற ஏறவும் கூடும். இவை மாற்ற முடியாதவை, ஆனால் எப்போது சோதித்துக்கொள்ள ஆரம்பிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். புகைபிடிப்பவர்களுக்கு மற்றவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் கூடுதல் வாய்ப்பு. தூக்கம் தொடர்ந்து குறைவது, உறக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு, நீண்ட நாள் ஸ்டீராய்டு, மனநலத்துக்கான சில மருந்துகள் எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. அதற்காக யாரும் தானாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொல்லிச் சர்க்கரையைக் கண்காணித்துக்கொண்டால் போதும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களில் பலருக்கு இன்சுலின் எதிர்ப்புநிலை இளம் வயதிலேயே இருக்கிறது. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருப்பதன் வெளி அடையாளமாக அது இருக்கலாம்.

பின்வாங்க முடியுமா?

முடியும். முன்நீரிழிவு வந்த எல்லாரும் நீரிழிவுக்குப் போய்ச் சேருவதில்லை. அப்படியே நிற்பவர்கள் உண்டு, இயல்புக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் முன்நீரிழிவு உள்ள 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002ல் வெளியானது. உடல் எடையில் ஏழு சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உடலுழைப்பு என்பதுதான் ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு. சராசரியாக மூன்று வருடத்துக்குள் அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு ஃபின்லாந்தில் வெளியான ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றத்தால் கிடைத்தது அதே 58தான். 80 கிலோ எடையுள்ளவருக்கு ஏழு சதவீதம் என்பது ஐந்தரை கிலோ சொச்சம். ஒல்லியாக வேண்டிய அவசியமே இல்லை, கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைந்தாலே நிலைமை மாறத் தொடங்கிவிடும். எடை குறையும்போது முதலில் கரைபவற்றில் அதுவும் ஒன்று.

தசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்சுலினின் தூண்டுதலால் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் குளுக்கோஸில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். இன்சுலின் எதிர்ப்புநிலை உள்ளவரிடமும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிடம் நடப்பது அந்த வேளையின் சர்க்கரை ஏற்றத்தைக் குறைப்பது இதனால்தான். ஒரு முறை நன்றாக உழைத்த தசை அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்கு இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும். எனவே ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஓடித் தீர்ப்பதைவிட, இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் நடப்பது நல்லது. எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். வயதாக ஆகத் தசை குறைந்துகொண்டே போகிறது, குளுக்கோஸ் போய்ச் சேரும் இடமும் அதோடு சுருங்குகிறது.

சாப்பாட்டில் தனியாக ஒரு பொருளைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மொத்த அளவு குறைவதும், சர்க்கரை கலந்த பானங்களும் தீட்டிய மாவுப்பொருட்களும் குறைவதும், நார்ச்சத்தும் புரதமும் கூடுவதும்தான் கணக்கு.

எப்போது சோதிப்பது?

பருமனும் வேறு ஆபத்துக் காரணிகளும் இல்லாதவர்கள் 35 வயதில் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்ப்பது நல்லது என்பது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் பரிந்துரை. இடுப்பு, குடும்ப வரலாறு, ரத்த அழுத்தம், பிசிஓஎஸ் போன்றவை இருந்தால் வயதுக்காகக் காத்திருக்க வேண்டாம். முன்நீரிழிவு என்று தெரிந்துவிட்டால் வருடம் ஒரு முறை. பார்க்கும்போது சர்க்கரையோடு நிறுத்திவிடாமல் கொழுப்பு அளவுகள், ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு மூன்றையும் ஒரே நாளில் எடுத்து ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய தாள்களையும் தூக்கிப் போடாதீர்கள். நான்கு வருடத்தில் 86, 91, 95, 98 என்று வந்த எண்கள் ஒவ்வொன்றும் தனியே நார்மல்தான், ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பதை மருத்துவரால் அந்த வரிசையில்தான் பார்க்க முடியும்.

இதில் அடிக்கடி விட்டுப்போகிறவர்கள் கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்ட பெண்கள். குழந்தையின் தடுப்பூசித் தேதிகள் தவறாமல் நடக்கும், தாயின் பரிசோதனை மறந்துபோகும். இவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, கர்ப்பத்தில் சர்க்கரை வராதவர்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை ஒன்று, அதன் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க. புது மருத்துவரிடம் போகும்போதெல்லாம், குழந்தை பிறந்து இருபது வருடம் ஆகியிருந்தாலும், கர்ப்பத்தில் சுகர் இருந்தது என்பதை அவர்கள் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.